தியோடர் என்கிற நாற்றம்

என் பெயருக்கு அர்த்தம் தேவன் தந்த கொடை. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே என் அப்பாவிடம் அப்படிச் சொன்னாராம். வரிசையாகப் பிறந்த பெண்களுக்குப் பிறகு வந்தவன் நான் என்பதால் அப்பாவும் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டார். தேவன் தந்த அந்தப் பொட்டலத்தை, வெள்ளைக்காரப் பட்டாளம் குடியிருந்த கண்டோன்மெண்டில் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தவர் பிளங்கெட் துரை. உள்ளே நாற்றம் இருந்தது.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் 'தி' என்று ஒரு சொல் உண்டு. ஒரு பொருளைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் அதை முன்னால் ஒட்டிக்கொள்வார்கள். 'ஓடர்' என்று இன்னொரு சொல் உண்டு. வாடை, நாற்றம் என்று பொருள். இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நான் வந்து நிற்பேன்.

சவுத் பரேட் கடைத்தெருவில் பிளங்கெட் துரையின் கடை தொப்பியிலிருந்து தொட்டில்வரை எல்லாம் விற்கிற கடை. எனக்குக் கொடுத்த இடம் சென்ட்டும் சோப்பும் பவுடரும் விற்கிற கவுண்ட்டர். சேர்ந்த அன்று துரை பெயரைக் கேட்டார், சொன்னேன். ஒரு தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பிறகு நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார். சென்ட் விற்க நாற்றமே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறதே என்றார். நானும் சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் துரை சிரிக்கும்போது நாம் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது.

துரைக்கு இதில் ஒரு கைராசி உண்டு. பக்கத்துக் கவுண்ட்டரில் துண்டும் போர்வையும் விற்ற நோயலுக்கு அவர் வைத்த பெயர் டவல். நாங்களும் சும்மா இருக்கவில்லை. பிளங்கெட், பிளாங்கெட், கம்பளி. கம்பளித் துரை என்று அவருக்குப் பெயர் வைத்துப் பழிக்குப் பழி வாங்கினோம். அதைக் கிடங்கில்தான் சொல்வோம். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

விஷயம் துரைசானிகளுக்குப் பரவியது. "குட் மார்னிங், ஓடர்" என்றுதான் கடைக்குள் வருவார்கள். அதற்கு நான் இடுப்பை வளைத்து, அடியேன் இருக்கும்போது அம்மணிக்கு லாவெண்டர் எதற்கு என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே இரண்டு புட்டி வாங்கிப் போவார்கள். ஓர் ஆளின் கழுத்தில் கயிறு விழும்போது அந்த ஆளே முடிச்சை நன்றாகப் போட்டுக் கொடுத்தால் வலிக்காது என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பிரிஜெட். எங்கள் கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுக்கிறவள். என் தோளுக்கும் கீழேதான் நிற்பாள். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்தால் நான்தான் குனிந்துகொள்வேன். அவள் அப்பா பெர்னார்ட், பட்டாளத்து மெஸ்ஸில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர், மர்பி டவுனில் வீடு. துரைமார் கடையில் கவுண்ட்டர் வேலை என்றதும் பெர்னார்டுக்கு என்னைப் பிடித்துப்போனது. வெறும் கவுண்ட்டர் போதாது, அதற்குத் தலைமை ஆளாக ஆக வேண்டும், அப்போதுதான் பெண் என்று மட்டும் சொன்னார்.

துரையிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். குதிரைப் பந்தய சீசன் தொடங்கப்போகிற நேரம். துரை யோசித்துவிட்டு ஒரு பலகை செய்யச் சொன்னார். வெள்ளை வர்ணம், கறுப்பு எழுத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல ரிப்பன். அதில் என் பெயரை இரண்டாக வெட்டி, நாற்றத்துக்கு உண்டான இங்கிலீஷ் எழுத்துகளோடு எழுதியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு, கையில் சென்ட் பீச்சுகிற ரப்பர் உருண்டையோடு கடை வாசலில் நிற்க வேண்டும். சீசன் முழுக்க நின்றால் தலைமை இடம் எனக்கு.

ஒப்புக்கொண்டேன். பிரிஜெட்டுக்காக நான் சிலுவையே சுமப்பேன், இது வெறும் பலகைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெர்னார்டும் சம்மதித்துக் கோயிலில் ஓலை வாசிக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, அதற்கு விக்கினம் ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர்கள் என்று. முதல் ஞாயிறு சாமியார் என் பெயரை வாசித்தபோது பாட்டுக் கோஷ்டியிலிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. நோயல். பலகை அப்போதுதான் ஏறியிருந்தது. இரண்டாவது ஞாயிறுக்குள் அதைக் கண்டோன்மெண்டே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. அன்று ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் மெதுவாகச் சிரித்தான். தெரியாதவன் பலமாகச் சிரித்தான், சிரிக்காவிட்டால் தெரியாதென்று ஆகிவிடுமே.

பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் பிரிஜெட்டின் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனேன். ஞானஸ்நானத்தில் எழுதியிருக்கிறபடி லத்தீனில் 'தெயோதோருஸ்' என்று வாசிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அது முறையில்லப்பா" என்றார். "விக்கினம் தெரிஞ்சவன் வந்து சொல்லணும்னா ஆள் யாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? ஊரு உன்னை எந்தப் பேர்ல கூப்பிடுதோ, அதைத்தான் வாசிக்கணும்."

"அப்படின்னா பலகையில இருக்கறதை வாசிங்க, சாமி."

அவர் நல்ல மனுஷர். தமிழ் படித்தவர். என் தோளில் கை வைத்தார். "மனசைத் தளர விடாதே. நாற்றம்னா அந்தக் காலத்துல நறுமணம்னுதான் அர்த்தம்."

"என் கல்யாணம் இந்தக் காலத்துலதானே, சாமி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் இதுதான் கஷ்டம். நான் அழப்போனாலும் எதிரில் இருப்பவருக்கு அது வேடிக்கையாகத்தான் போய்ச் சேரும்.

அன்று சாயங்காலம் பெர்னார்ட் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெர்னார்ட் அடுப்படியில் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தார். பிரிஜெட் வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். முந்தின வாரம் பள்ளிக்கூட வேலையாகச் சவுத் பரேட் பக்கம் வந்தாளாம். எதிர்ச் சாரியிலிருந்து என்னைப் பார்த்தாளாம். நான் அப்போது ஒரு துரைசானியின் கைக்குட்டைக்குச் சென்ட் பீச்சிக்கொண்டிருந்தேனாம். சாலையைத் தாண்டி வர மனம் வரவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து பெர்னார்டின் குரல் வந்தது. "பேர் வெச்சுக் கூப்புடறான்னா நம்ம மேல பிரியம்னு அர்த்தம், மாப்ளே. என்னைப் பாரு. ஒரே ஒரு நாளு ரோஸ்ட்டு தீஞ்சி போச்சி. அன்னைலேர்ந்து பெர்னார்டு போயி பர்ன்ட்டு ஆயிட்டேன். பர்ன்ட்டு, சூப் கொண்டா. பர்ன்ட்டு, சோடா கொண்டா. வேல உட்டு வர்ற வரைக்கும் அதான் பேரு. இன்னா கெட்டுப் போச்சி?"

பர்ன்ட் என்றால் எரிந்தது, கருகியது. அவர் அதை மெடல் மாதிரி சொன்னார்.

"அம்மா செத்தப்ப மெஸ்லேர்ந்து பூ வளையம் அனுப்புனாங்களே" என்றாள் பிரிஜெட். "அதுல இன்னா எழுதியிருந்துது, சொல்லுப்பா."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிரிஜெட்டே சொன்னாள்.

"மிஸஸ் பர்ன்ட்டுனு எழுதியிருந்துது. எங்கம்மா பேரு கேத்தரின். புதைக்கக் கொண்டுபோன அம்மாவை எரிச்சி அனுப்பிட்டாங்க. இவரு அந்த வளையத்தைத் தலைமாட்டுல வெச்சிட்டு, மறுநாளு போயி சலாம் போட்டுட்டு வந்தாரு."

பெர்னார்ட் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். "மெஸ் காம்பவுண்டுல பசங்க என்னை மிட்ஜெட்டுனு கூப்புடுவாங்க. பிரிஜெட்டுக்கு மிட்ஜெட்டு. குள்ளச்சின்னு அர்த்தம். நான் குள்ளந்தான், அதுல பொய்யில்ல. ஆனா இங்க பாருங்க, நான் செத்தா மிஸஸ் நாத்தம்னு வளையம் வரக் கூடாது. மூணாவது ஓலைக்குள்ள அந்தப் பலகையைக் கழட்டிடுங்க."

கட்லெட் தட்டோடு வந்த பெர்னார்ட், "கழட்டு மாப்ளே. வேலையைக் கழட்டிட்டு வந்துடாத" என்றார். தட்டில் இருந்ததெல்லாம் ஒரு பக்கம் கருகியிருந்தது.

மறுநாள் துரையிடம் போனேன். என் பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். கல்யாணத்தைச் சொன்னேன். கவுண்ட்டரில் என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், கழுத்தில் மட்டும் பலகை வேண்டாம் என்றேன். ஞானஸ்நானத்தில் இரண்டாவதாக இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அதையாவது எழுதலாமே என்றேன்.

என்ன பெயர் என்று கேட்டார் துரை.

ரெமிஜியஸ் என்றேன்.

துரை கண்ணை மூடி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு "ரிடிகுலஸ்" என்றார். சிரிப்புக்கிடமானது என்று அர்த்தம். எதுகை மோனையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாவம், தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் புலவர் ஆகியிருப்பார், நம்மிடம் வந்து பாடிவிட்டுப் பிச்சை வாங்கிப் போயிருப்பார்.

நான் அசையாமல் நின்றேன். சிரிக்கவும் இல்லை. அந்தக் கடையில் துரை சிரித்து நான் சிரிக்காத முதல் தடவை அது.

துரை கோபப்படவில்லை. எழுந்து வந்து, பூசை முடிந்து சாமியாரின் கழுத்துப் பட்டையை எடுக்கிற மாதிரி, பலகையை மெள்ள என் தலைக்கு மேல் தூக்கி எடுத்தார். நோயலைக் கூப்பிட்டு அவன் கழுத்தில் மாட்டினார். ரிப்பன் முறுக்கிக்கொண்டதைத் தன் கையாலேயே சரி செய்தார். என்னிடம், குடையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அதற்குள் நோயல் அங்கே பலகையோடு நின்றிருந்தான். வழக்கமாக என்னிடம் லாவெண்டர் வாங்குகிற துரைசானி படியேறி வந்தார். ஒதுங்கி நின்று இடுப்பை வளைத்தேன், பழக்கதோஷம். அவர் என்னைத் தாண்டிப் போய், நோயலைப் பார்த்து முகம் மலர்ந்து, "குட் மார்னிங், ஓடர்" என்றார். நோயல் கைக்குட்டைக்குச் சென்ட் பீச்சினான்.

இத்தனை நாளும் என் பெயரை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். என்ன ஒரு தற்பெருமை.

நேராக மர்பி டவுனுக்கு நடந்தேன். வழியெல்லாம் கழுத்து லேசாக இருந்தது. வேலை போனதைவிடப் பலகை போனதுதான் பெரிதாகத் தோன்றியது என்றால் நம்புங்கள். அன்று பள்ளிக்கூடம் லீவு, பிரிஜெட்டிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வீட்டில் முதலில் கண்ணில் பட்டவர் பெர்னார்ட்.

"பலகையை நீ கழட்டுனியா, இல்ல பலகை உன்னைக் கழட்டிச்சா?"

இரண்டும்தான் என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெஸ்ஸில் ஒரு தட்டைத் திருப்பி அனுப்பும்போது பட்லர்கள் தலையசைப்பார்களாமே, அப்படி அசைத்தார். வேலையில்லாதவன் வீட்டுக்குப் பெண்ணை அனுப்பி, அவள் பள்ளிக்கூடத்தில் கத்திச் சம்பாதித்துக் கொண்டுவருவதை அவன் உட்கார்ந்து தின்பதைப் பார்க்கத் தன்னால் முடியாது, தாயில்லாத பெண் என்றார். ஆணியில் தொங்கிய பழைய மெஸ் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது ஓலையை நிறுத்தச் சொல்லிச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார். அவரையும் என்னால் வெறுக்க முடியவில்லை. கோட்டில் ஒரு பொத்தான் இல்லாமல் இருந்தது.

பிரிஜெட் எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். அப்பா படியிறங்கும்போது அவருடன் வாதாடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாளில் அப்பன் போய்ச் சொன்னால் ஓலை நிற்கும், மகள் போய்ச் சொன்னால் ஓடாது.

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் கதவருகே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க, தியோடர்."

எந்த வாடையும் அதில் இல்லை. என் அப்பாவுக்குச் சாமியார் சொன்ன அர்த்தம்தான் இருந்தது. முட்டாள் மாதிரி எனக்கு ஒரு விநாடி சந்தோஷம்கூட வந்தது. பாதித் தெரு போன பிறகுதான் உறைத்தது. கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவள் என்னை 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். இனி சொல்லலாம்.

மூன்றாவது ஞாயிறு பூசைக்குப் போனேன். போகாமலிருந்தால் ஊர் ஒன்று பேசும், போனால் வேறொன்று பேசும். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். பாட்டுக் கோஷ்டியில் நோயல் தயாராக உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். சாமியார் யாரோ ஒரு ஜோடியை வாசித்தார், பிறகு இன்னொரு ஜோடியை. காகிதத்தை மடித்தார். விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர்கள் என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்டதும் அதைத்தானே.