முப்பத்தொன்பதாவது அறை

1909 அக்டோபரில், இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயரின் ஆஷ்காம் மாளிகையில் முப்பத்தொன்பதாவது படுக்கையறை முளைத்தது. கொத்தனார் யாரும் வரவில்லை. அங்கே அறைகள் அப்படித்தான் வரும்; ஒன்று வந்தால் குடும்பத்தில் ஒருவர் குறைவார். விருந்தாளிக்கு எந்த அறை என்று காட்ட, கதவின் பித்தளைச் சட்டத்தில் பெயர்ச்சீட்டு செருகுவது பெரிய வீடுகளின் வழக்கம். புது அறையின் சீட்டில் யார் பெயரோ அவர் உள்ளே போவார், பிறகு மெத்தையில் பள்ளம் மட்டும் இருக்கும். மாளிகையின் சொந்தக்காரர் சர் லயனலின் சித்தப்பா போன அறையில் இன்னும் சுருட்டு வாசம் அடிக்கிறது. பக்கத்து வெர்னே மாளிகையில் முப்பத்தெட்டே அறைகள் என்பதால், இந்தக் குடும்பம் அழுததைவிட நிமிர்ந்து நடந்ததே அதிகம்.

இம்முறை கதவு இடுப்பளவுதான் இருந்தது. சீட்டில் லயனலின் ஒரே மகள் ஃபீபியின் பெயர்.

"நான் எழுதலம்மா, தானா வந்துருக்கு," என்றாள் வீட்டு நிர்வாகி டாகெட். ஃபீபியின் தாய் ஹெஸ்டர் சீட்டை இருமுறை படித்தாள். கணவனிடம் ஓடினாள்.

"அவளுக்கு ஏழு வயசு, லயனல்! இந்த வீடே வேணாம், போயிடலாம்."

"சனிக்கிழமை டியூக் வர்றார். அந்த வெர்னே மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாரேன்," என்றார் லயனல். "பொண்ணுதானே ஹெஸ்டர். வீடு எப்படியும் அவளுக்கு வரப்போறதில்ல."

ஹெஸ்டர் அதற்குமேல் கெஞ்சவில்லை. சீட்டில் யார் பெயரோ அவருக்கே அறை, மாற்றிக் கேட்பது இழுக்கு என்பது லயனலின் சட்டம். கூரை ஒழுகுகிறது என்று முனகிய பிஷப்பையே அந்த ஈர மெத்தைக்குத் திருப்பி அனுப்பியவர் அவர்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, விருந்துக்கு உடைமாற்றும் மணி அடித்தது. புது அறையைக் காட்ட டியூக்கையும் மற்றவர்களையும் லயனலே அழைத்து வந்தார். குட்டிக் கதவின் சீட்டில் 'சர் லயனல்' என்று இருந்தது.

"என்னப்பா, உன் வீட்லயே உனக்கு நாய்க்கூண்டா?" என்று சிரித்தார் வெர்னே. "வேணாம்னா விடு. நாங்க யாரும் வெளிய சொல்ல மாட்டோம்."

லயனல் மனைவியைப் பார்த்தார். அவள் விரல்நுனியில் மைக் கறை இருந்தது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. டியூக் காத்திருந்தார். யாருக்கும் தலை வணங்காத லயனல், உடம்பை இரண்டாக மடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சூப் நன்றாக இருந்ததாக டியூக் சொன்னார்.

ஆண் வாரிசு இல்லாததால் மாளிகை, லயனலின் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போனது. அவர் மனைவியும் ஆறு பிள்ளைகளும் வந்து இறங்கிய அன்று, ஹெஸ்டர் இரண்டு பெட்டிகளோடும் ஃபீபியோடும் வாசற்படியில் நின்றாள். புதிதாக வந்த அந்த மனைவியின் கையைப் பிடித்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெர்னே வீட்ல புதுசா ரெண்டு கட்டிட்டாங்களாமே, இப்ப நாப்பதாம்," என்றாள். "நம்மளுது அடுத்தது எப்ப வரும்?"

ஹெஸ்டர் மகளை வண்டியில் ஏற்றினாள். அந்த வாரமே டாகெட், பெயர்ச்சீட்டு ஒரு கட்டு புதிதாக வரவழைத்தாள்.