கனகரத்தினத்தாரின் இடது கை

கோப்பாய்க் கனகரத்தினத்தார் 1920 சித்திரையில் வெள்ளைக்காரரின் பெரிய சண்டை முடிந்து ஊர் திரும்பினார். சண்டை நடந்த பஸ்றாவில் இழந்துவிட்டு வந்த அவரது இடது கை ஆடியில் வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாமல்தான் வந்தது. அந்த வருடம் புகையிலைக்கு நல்ல விலை. ஆகையால் ஊர் இதைப் பெரிதாகக் கதைக்கவில்லை.

சண்டையில் அவர் காயக்காரரைத் தூக்கினவர். பதினாறு பேரைக் குண்டுக்குள்ளால் தூக்கிவந்து, பதினேழாவது ஆளோடு கையை விட்டார். அதற்குக் கிடைத்த மெடலை அவர் பெண்சாதி ஞானாம்பிகை அரிசிப் பெட்டிக்குள் போட்டுவைத்தாள். ஊருக்கு உதவினது அவர் கொண்டுவந்த, ஒற்றைக் கம்பில் துணித் தூளி தொங்கும் டோலி. பாம்பு கடித்தாலென்ன, பனையால் விழுந்தாலென்ன, மனுசன் கம்பின் முன்நுனியை வலது தோளில் வைப்பார். பின்நுனி தானாக எழும்பும். மானிப்பாய் ஆசுப்பத்திரிக்கு ஐந்து மைல், டோலி ஒரு இடத்திலும் ஆடாது. ஆனால் சொந்த வீட்டு வேலைக்கு அந்தக் கை வராது. அவருக்குச் சட்டைத் தெறி பூட்டுவதும் ஞானாம்பிகைதான்.

சாதி சொல்லிக் கோயிலுக்குள்ளும் கிணற்றடிக்கும் விடப்படாத பொன்னனின் ஆட்களையும் அவர் தூக்கினார். அதுதான் வில்லங்கம். கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் கனகசபாபதியார் கூட்டம் கூட்டி மூன்று நாள் யோசித்தார். நோயாளியைத் தொட்டுக் கிடத்துவது இல்லாத கை. இல்லாத கைக்குத் தீட்டு இல்லை என்று முடிவானது. எப்பேர்ப்பட்ட மூளை! "விசர்க் கூட்டம்," என்றுவிட்டுக் கனகரத்தினத்தார் தன் வேலையைப் பார்த்தார்.

1933இல், பதின்மூன்று வருடம் பிள்ளையில்லாதிருந்த ஞானாம்பிகைக்கு வயிற்றுக்குத்துக் கண்டது. இரண்டு நாளாகியும் பிள்ளை பிறக்கவில்லை. இனி மானிப்பாய்தான், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் இல்லை என்று மருத்துவிச்சி கைவிட்டாள். அவர் முன்நுனியைத் தோளில் வைத்தார். பின்நுனி மண்ணை விட்டு எழும்பவில்லை.

"ஊருக்கெல்லாம் வாறாய், இவளுக்கு வரமாட்டியே?" என்று குண்டுக்கு அழாத மனுசன் குழறி அழுதார்.

அன்றைக்குத் தேர். ஊர் ஆம்பிளையள் எல்லாரும் வடத்தில் நின்றார்கள். இழுக்கத் தொடங்கினால் தேர் வீதி சுற்றித் தன் இருப்புக்கு வரும்வரை கையெடுக்கக் கூடாது. கனகரத்தினத்தார் ஓடிவந்து கத்தினார். மணியம் கனகசபாபதியார் வடத்தை விடாமல், "இருப்புக்கு வரட்டும், வாறம்," என்றார். பனையால் விழுந்தவனை மாடு மிதித்த கதைதான். வீதிக்கு அப்பால் பொன்னனும் ஐந்து பேரும் வெறுங்கையோடு நின்றார்கள். வடத்தைத் தொட அவர்களுக்கு உரிமை இல்லை.

"நயினார், எங்கடை கை இருக்கிற கையல்லோ? தொட்டால் தீட்டு எண்டுவினம்," என்றான் பொன்னன்.

"இருக்கிற கைதான் இப்ப வேணும், ஓடி வா பொன்னன்!"

ஆறு பேரும் தோள் மாற்றி ஓடினார்கள். தாயும் தப்பினாள், பெண்பிள்ளையும் தப்பியது. அருந்ததி என்று பேர் வைத்தார்கள். கனகரத்தினத்தார் தன் கிணற்றடிப் படலையைப் பொன்னனின் ஆட்களுக்குத் திறந்துவிட்டார். ஊர் இரண்டு கிழமை அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் கிழமை மணியம் கனகசபாபதியார் கேணிப்படியில் வழுக்கி இடுப்பை முறித்தார். அவரைத் தூக்கிக் கிடத்தினது பொன்னன். நோ தாங்காமல் குழறின மனுசன் தீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கனகரத்தினத்தார் 1946இல் காலமானார். டோலி பொன்னன் வீட்டில் இருக்கிறது. முன்நுனிக்கு ஓராள் போதும். பின்னால் பிடிப்பது ஆர் என்று ஊரில் கேட்பாரில்லை. போன மாதம் அருந்ததிக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. அந்த வீட்டுக்குக் கை வராது என்பது தெரிந்ததுதானே, பொன்னன் பின்நுனி பிடிக்க மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆனால் அவன் முன்நுனியைத் தோளில் வைத்ததும் பின்நுனி தானாக எழும்பியது.

ஞானாம்பிகை பின்நுனிக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். "இப்பவெண்டாலும் வந்தியளே," என்றாள். "மெல்லப் பாத்துப் பிடியுங்கோ. உங்கடை பிள்ளை." பிறகு படலையைச் சாத்திவிட்டு டோலிக்குப் பின்னால் நடந்தாள். மானிப்பாய் போகுமட்டும் அது ஆடவில்லை.