ஐந்தாவது திரை

அப்பாவின் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த காமாக்ஷியை அண்ணா வெங்கிடராமன் வாசலுக்குக் கூப்பிட்டான். கேட்டைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றார் அவள் கம்பெனி மேனேஜர் பிச்சுமணி.

"நாலு டெர்மினலும் மரமா நிக்கறது. சாயங்காலம் கப்பல். கன்சோல்ல உக்கார ஒன்னை விட்டா ஆளில்லை. அரை மணிக்கூர் வந்துட்டுப் போ."

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் மாடியில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். டெர்மினல்கள் தட்டியதை அதற்கு அனுப்பும், அது சொன்னதைக் காட்டும். சொந்தப் புத்தி கிடையாது. அவை உறைந்துபோனால் கன்சோல் என்கிற ஐந்தாவது திரையின் பேச்சை மட்டும்தான் கம்ப்யூட்டர் கேட்கும்.

"தீட்டு, ஸார்."

"மெஷினுக்கு என்ன தீட்டு?"

அவள் அண்ணாவைப் பார்த்தாள். "போய்ட்டு வா. பெண்டுகள் மயானத்துக்கு வரப் போறதில்லையே. நீ வந்தப்றம்தான் எடுப்போம். எடுத்துண்டு போற வேனும் ஸார் தந்ததாக்கும்" என்றான்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வேனை வாங்கிவிட்டான். இரண்டு வருஷம் அப்பாவுக்கு மலஜலம் எடுத்தது அவள். களமசேரியிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை வந்து எட்டிப் பார்த்த பிள்ளை இவன். ஆனாலும் வாக்குக் கொடுத்திருக்கிறானே என்று கிளம்பினாள்.

ஆபீசில் பிச்சுமணி மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார். "அந்த நாற்காலியோட இரு. வேற ஒண்ணையும் தொடாதே."

துப்ப வேண்டும் போலிருந்தது. விழுங்கிக்கொண்டு கன்சோலில் தேடினாள். பிரிண்டருக்குப் போன வேலை ஒன்று சிக்கி மற்றதையெல்லாம் மறித்திருந்தது. 'கில்' அடித்து அதைக் கொன்றாள். அடுத்த அறையில் நாலு கீபோர்டுகளும் சடசடத்தன. "வந்நு, வந்நு!" என்று யாரோ மலையாளத்தில் கத்தினார்கள்.

எழுந்தபோது ஜன்னலுக்குக் கீழே கம்பெனி வேனின் கரகரத்த ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தாள். முன் சீட்டில் மடியில் தீச்சட்டியோடு வெங்கிடராமன். வேன் நிற்காமல் பாலத்துக்கு அப்பால் இருக்கும் மயானத்தை நோக்கிப் போயிற்று.

காமாக்ஷி திரும்ப வந்து உட்கார்ந்தாள். கன்சோலிலிருந்து எல்லாத் திரைகளுக்கும் ஒரே சமயத்தில் எழுதலாம். ஆங்கில எழுத்துகளில் தமிழாகவே அடித்தாள்: அப்பா போய்ட்டார்.

அடுத்த அறையில் சடசடப்பு ஒரு கணம் நின்றது. பிறகு கிளார்க் சுப்புராஜின் குரல் வந்தது.

"சேச்சி, இன்வாய்ஸ் நடுவுல என்னமோ குப்பை வந்து விழுந்திருக்கு. தொடச்சிரட்டா?"

"தொடைச்சுடு."

நான்கு திரைகளிலும் அந்த வரி மறைந்தது. கன்சோலில் மட்டும் நின்றது.