தம்பியை நோக்கி நகர்ந்த மேசைகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, மூன்றாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேசை தானாக நகர்ந்து, தம்பி உட்கார்ந்திருந்த மூலைக்குப் போய் நின்றது. பின்னாலேயே நான்கு நாற்காலிகளும் ஒரு ஸ்டூலும் போயின. பீரோ கனமானது என்பதால் அது போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அக்காவுக்கு முதலில் தரை மேல்தான் சந்தேகம். கொத்தனாரை வரவழைத்தாள். அவர் ரசமட்டத்தை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "தரை கண்ணாடி மாதிரி இருக்கும்மா. உங்க சாமானுக்குத்தான் ஏதோ அவசரம்" என்று சொல்லி, கூலி வாங்காமல் போனார். நாள்தோறும் இது தொடரவே, இரண்டாவது மாடிக்காரர் படியேறி வந்து, "தினமும் விடியக்காலையில வீடு காலி பண்ணி, சாயங்காலம் திரும்பக் குடி வர்றீங்களா?" என்று கேட்டார். அக்கா நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய துணி சுற்றிவிட்டாள். அதன் பிறகு சத்தமில்லாமல் நகர்ந்தன.

தம்பிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன். எழுத்து வராது, பஸ்ஸை நம்பரால் அல்ல, முன்பக்கக் கண்ணாடியில் இருந்த விரிசலால் அடையாளம் வைத்திருந்தான். ஆனால் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். பெட்டியின் வாயை மூடி டேப் ஒட்டுவது அவன் வேலை. அளவுகோல் வைக்காமல் அவன் ஒட்டுகிற டேப், அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஒரு நூல்கூடப் பிசகியிருக்காது. அதனால் அங்கே எல்லாரும் அவனை 'டேப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அம்மா, அக்கா, தம்பி மூன்று பேர் இருந்த வீடு அது.

இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் அம்மா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில், நான்கே நாளில். சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். "அவனுக்கு என்ன புரியப்போவுது, சும்மா இருக்கிற பிள்ளையைக் கிளப்பி விடாதீங்க" என்று பெரியம்மா அழுதுகொண்டே சொன்னாள். மூன்று நாள் அவனைப் பெரியம்மா வீட்டில் வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா எங்கே என்று கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அக்கா சொன்னாள். அந்தக் குடும்பம் செய்த தப்புகளிலேயே மிகுந்த பாசத்தோடு செய்த தப்பு அதுதான்.

தம்பி காத்திருந்தான். முதலில் சிரிப்பு நின்றது, பிறகு சாப்பாடு, பிறகு தூக்கம். சுவருக்குள்ளிருந்து யாரோ தணிந்த குரலில் அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். நீ கெட்டவன், அதனால்தான் அவள் போய்விட்டாள் என்று. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. சுவரைத்தான் அடித்தான். கம்பெனியில் பெட்டிகளைக் காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினான். வாங்கினவர்களால் திறக்க முடியவில்லை. சூப்பர்வைசர் அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டு, "உடம்பு தேறினதும் வாடா டேப்பு, உன் இடம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடியில் ஒரு நீளமான வராந்தா உண்டு. அதன் இடது பக்க அறையில் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவர்களைப் பார்க்கிற டாக்டரம்மா இருந்தார். வலது பக்க அறையில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். இரண்டு கதவுகளும் நேருக்கு நேர். பன்னிரண்டு வருஷமாக அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை, பேசுவதற்கென்று ஒரு படிவம் இல்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மா தம்பியிடம் படங்களைக் காட்டி, கட்டைகளை அடுக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்த்தார். இந்தக் குறை பிறவியில் வந்தது, அது புதிதாக ஒன்றும் செய்யாது. தூங்காததும் சுவரை அடிப்பதும் மனசு சம்பந்தப்பட்டது, எதிர் ரூமுக்குப் போங்கள் என்றார். எதிர் ரூம் டாக்டர், "மனசு எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டார். தம்பி ரொம்ப நேரம் யோசித்து, "ரெண்டு பெட்டி" என்றான். கேள்விக்குப் பதில் சொல்ல இயலவில்லை, எல்லாம் பிறவிக் குறையால் வருவது என்று எழுதி, அவர் திரும்ப எதிர் ரூமுக்கு அனுப்பினார். இப்படி அந்த வராந்தாவின் குறுக்கே பத்து மாதத்தில் இருபத்தாறு தடவை அக்கா நடந்தாள். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் கையேடு கொடுத்தார், இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். தம்பி தூங்கினான், அவன் தூங்கும்போதும் நாற்காலிகள் வந்து சுற்றி நின்றன.

பத்தாவது மாதம் அவன் சுவருக்குப் பதிலாக ஜன்னலை அடித்துவிட்டான். உள்ளங்கையில் ஏழு தையல். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கிற, கேட் பூட்டியே இருக்கிற ஒரு விடுதிக்கு அவனை மாற்றுவதாக. மாதம் ஒரு முறை பார்க்கலாம். திரும்பி வருகிற தேதிக்கென்று அதில் இடமே விட்டிருக்கவில்லை. இடது அறைக் கையெழுத்து ஒன்று, வலது அறைக் கையெழுத்து ஒன்று, மூன்றாவதாக அக்காவுடையது. மூன்றும் விழுந்துவிட்டால் வீடு, வேலை, அக்கா எல்லாம் அவனுக்குப் போய்விடும். அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. "வேற வழி இல்லம்மா" என்றார் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா, உண்மையிலேயே வருத்தப்பட்டு. வியாழக்கிழமை காலை பத்து மணி என்று குறித்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை தம்பியை வராந்தாவின் நடுவிலிருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தரையோடு போல்ட் போட்ட பெஞ்சு. பக்கத்தில், தனக்கென்று அறை கிடைக்காத ஒரு நர்ஸ், தள்ளுவண்டி வைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக வராந்தாவிலேயே நிற்கிறவள், குரல் பெரியது. முதலில் நகர்ந்தது அவளுடைய தள்ளுவண்டிதான். "ஏய், உன்னை யாரு கூப்பிட்டா?" என்று அதை அதட்டினாள். அது போய்த் தம்பியின் முழங்காலை ஒட்டி நின்றது.

பிறகு இரண்டு கதவுகளும் திறந்தன. இடது அறை மேசை அகலமானது. வாசலில் முட்டி, ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டாக்டரம்மாவும் கூட வந்தார், கையில் மூடி கழற்றின பேனாவோடு, மேசைமேல் இன்னும் கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தோடு. வலது அறை டாக்டர் போனில் இருந்தார். "ஒரு நிமிஷம் சார், நான் வெளிய வந்துட்டிருக்கேன்... இல்ல சார், நடந்து இல்ல" என்று சொல்லிக்கொண்டே தன் மேசையோடு வந்து சேர்ந்தார். இரண்டு மேசைகளும் தம்பிக்கு முன்னால் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடத்தில் கடிதம் மாட்டிக்கொண்டது, இடுக்கு மூடிக்கொண்டது. இடுக்கு இருந்த தடமே இல்லாமல் ஒரே பலகையாக ஆகிவிட்டது. கடிதத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குமாஸ்தா இழுத்துப் பார்த்தார், கிழியக்கூட இல்லை.

டாக்டர்கள் இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எதிர் ரூமா?"

"ஆமா சார். பன்னெண்டு வருஷமா."

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் இருக்கீங்க, அவரும் இருக்காரு. அவரையே கேளுங்களேன்" என்றாள். என்ன கேட்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். எப்படிக் கேட்க வேண்டும் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல இவர் அதைச் சின்னச் சின்ன வார்த்தைகளாக உடைத்து, தம்பியின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு எது வலிக்கிறது என்று கேட்டார். தம்பி தையல் போட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் திரும்பக் கேட்க வாயெடுத்தபோது நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாள். வராந்தாவில் வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து காத்திருந்தார்கள். நான்கு நிமிஷம் ஆயிற்று.

"அம்மா எந்த ஊருக்குப் போச்சு?" என்றான் தம்பி.

அக்கா தரையில் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா செத்துப்போச்சுடா. உடம்பு முடியாம. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் ஒரு வருஷ அழுகையையும் அங்கேயே அழுதான். அப்போது அந்த மாடியில் இருந்த அத்தனை இருக்கைகளும், ஆட்களோடு சேர்ந்து, அவனைச் சுற்றி வந்து நின்றன. நாற்பத்தொரு பேர். மருந்துக்கடைக்காரரின் கால் கட்டைவிரல் நசுங்கியதைத் தவிர யாருக்கும் சேதமில்லை. தெரியாத ஒரு பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவன் மூக்கைச் சிந்திவிட்டு அக்காவைப் பார்த்தான். "சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்டா."

அதற்குப் பிறகுதான் சுவரில் இருக்கிற ஆளைப் பற்றியும் சொன்னான். இரண்டு டாக்டர்களும் ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். மனசைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி மாதக்கணக்கில் வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் அவன் சாப்பிடாததற்கு ஒரு காரணம். இத்தனை நாள் பிறவிக் குறை, மனநோய் என்று பேசினவர்கள் யாரும் பல்லைப் பார்க்கவில்லை. பல்லைப் பிடுங்கினார்கள். சுவரிலிருந்து கேட்ட குரலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சின்ன அளவில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி. எந்த மாத்திரை எதற்கு என்று டாக்டரம்மா படம் வரைந்து கொடுத்தார். சுவரில் இருந்த ஆள் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆனான், பிறகு ரேடியோவை யாரோ அணைத்த மாதிரி.

நாற்காலிகள் நகர்வதை நிறுத்த வேண்டுமா என்று அக்கா கேட்டாள். "எதுக்கு? இந்த வீட்டுல உள்ளதை உள்ளபடி சொல்றது அது ஒண்ணுதான்" என்றாள் நர்ஸ். தம்பியைத் தன் டேப்பை எடுத்துவரச் சொன்னாள். கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் மூன்று நிறத்தில் சுருள்கள் அனுப்பினார். தம்பி மண்டியிட்டுத் தரையில் ஒட்டினான். நாற்காலி நிற்க வேண்டிய இடத்தில் பச்சை, ஒரு சாண் தள்ளி மஞ்சள், ஒரு கை நீளத்தில் சிவப்பு. பச்சையைத் தாண்டினால் அன்று அரை நாள் வேலை, சாயங்காலம் அக்காவோடு ஆற்றுப்பாலம் வரை நடை. மஞ்சளைத் தாண்டினால் நர்ஸுக்குப் போன். சிவப்பென்றால் இரண்டு டாக்டர்களும் வீட்டுக்கே வர வேண்டும். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதினார்கள். மஞ்சள் நாட்களில் ரேடியோவை அணைத்து வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "ரேடியோ வேணும்" என்றான் தம்பி. அடித்து, திருத்தி எழுதினார்கள். கீழே அவன் கையெழுத்துக்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு டேப் ஒட்டினான். அதைவிட நேரான கையெழுத்து அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆறாவது மாதம் வேலைக்குத் திரும்பினான். கேட்டிலேயே சூப்பர்வைசர் நின்றிருந்தார். "வாடா, நீ இல்லாம பெட்டியெல்லாம் குடிகாரன் கட்டின மாதிரி போவுது." முதல் வருஷம் சிவப்பைத் தாண்டியது ஐந்து தடவை, இரண்டாவது வருஷம் ஒரு தடவை. மூன்றாவது வருஷம் சிவப்பு டேப் தேயாமலே இருந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகம் மேசைகளைப் பிரித்து அவரவர் அறையில் போடச் சொல்லி உத்தரவு போட்டது. எட்டு பேர் இழுத்தார்கள். தச்சர் ரம்பத்தை வைத்தார். மேசை வழுக்கிக்கொண்டு தம்பி வீட்டுத் திசையைப் பார்த்துத் திரும்பியது. கடைசியில் மேசையை விட்டுவிட்டு இரண்டு அறைகளின் சுவர்களை இடித்தார்கள். அந்த வராந்தாவில் பல வருஷமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பயம் வந்தால் உடுப்போடு நனைந்துபோகிற ஒரு பெண், கோபத்தில் நிழல் இல்லாமல் போகிற ஒரு தச்சர் மகன், இன்னும் ஐம்பத்தொரு பேர். நர்ஸ் அந்த மேசைக்குப் பொறுப்பாளி ஆனாள். இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியின் பொருள் பட்டியலில் 'மேசை, ஒன்று, நகரும்' என்றுதான் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் படித்துப் பார்த்து ஒரு டிக் போடுகிறார்கள்.

ஏழாவது வருஷம், புது லென்ஸ் மெஷினைக் கற்றுக்கொள்ள அக்கா நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. அவனைத் தனியாக விட்டுப் போவது அதுவே முதல் தடவை. எந்த ஊர், எத்தனை நாள், எந்த பஸ்ஸில் திரும்புவாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் காலை நர்ஸுக்குப் போன் வந்தது. "நான்தான். எனக்கு இன்னைக்கு நல்லால்ல. கம்பெனிக்கு அரை நாள் சொல்லிட்டேன். நீங்க வாங்க."

நர்ஸ் ஓடி வந்தாள். பார்த்தால், நாற்காலி பச்சை டேப்பின் மேல் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மாத்திரையை எடுத்துக் காட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான், ரேடியோவை வைத்தான். டீ குடித்துக்கொண்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு நாற்காலி மெல்ல அசைந்து, பச்சையைத் தாண்டி, அவர்களை நோக்கி வந்தது.

"லேட்டு" என்றான் தம்பி. காலைத் தூக்கி அதற்கு இடம் விட்டான்.