கோல்கீப்பர் ஓடிய ஒன்பது கிலோமீட்டர்

கால்பந்து கிளப்பின் சாமான் அறையில், ஈரக் காலுறை வாடைக்கு நடுவே, அண்ணிக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். பெண்கள் அணியில் வலது ஓரத்தில் ஓடும் பெண் அவளுடைய நாத்தனார். அவள் ‘அண்ணி’ என்று கூப்பிடப் போய், இவள் அணி மொத்தத்துக்கும் அண்ணியாகிவிட்டாள். கோச் மட்டும் ‘மேடம்’ என்பார்.

யார் உடம்பு எவ்வளவு சுமக்கிறது என்று கணக்குப் பார்ப்பது அண்ணியின் வேலை. பயிற்சிக்கு முன் ஒவ்வொருத்தியும் இறுக்கமான உள்சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். அதன் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பை. பைக்குள் தீப்பெட்டி அளவில், எண் ஒட்டிய கருவி. எண்ணுக்கு ஒரு ஆள். அவள் எங்கே நிற்கிறாள், எவ்வளவு வேகமாகப் போகிறாள் என்று நொடிக்குப் பலமுறை அது குறித்துக்கொள்ளும். சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ விழும் அதிர்வையும் விடாது. அத்தனையும் கணினிக்கு வந்து சேரும்.

ஆனால் சுமையைவிட முக்கியம் பழக்கம். தினம் இரண்டு வாளித் தண்ணீர் தூக்குகிறவள் ஒரு நாள் மூன்று தூக்கினால் முனகுவாள், அவ்வளவுதான். திடீரென்று ஆறு தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆறே தூக்கிப் பழகியவளுக்கு ஆறு ஒன்றுமே இல்லை. அதனால் இந்த வாரச் சுமையைக் கடந்த நாலு வாரச் சராசரியோடு ஒப்பிடுவாள் அண்ணி. ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பெயர் சிவப்பாகும். சிவப்பில் இருப்பவள் ஆட்டத்தை பெஞ்சில்தான் தொடங்குவாள். அது கோச் போட்ட சட்டம்.

அந்த ஞாயிறு ஆட்டத்துக்கு, மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருவதாக இருந்தது. நாத்தனார் புதன்கிழமையே சிவப்பின் வாசலில் நின்றாள். வியாழன் பயிற்சியோ முழுக்க வேக ஓட்டம்.

வெள்ளிக் காலை கோச்சிடமிருந்து போன்.

“மேடம், நம்ம கதவு சிவப்புல இருக்கா. என்ன சமாச்சாரம்?”

கதவு என்றால் கோல்கீப்பர். ஒரு நாள் இறுகச் சாத்தியிருப்பாள், ஒரு நாள் அகலத் திறந்து கிடப்பாள் என்று கோச் வைத்த பெயர்.

“அவ எங்க சார் ஓடுவா? பந்தெடுக்கவே நடந்துதான் போவா.”

“உங்க கம்ப்யூட்டர்தான் சொல்லுது. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது கோல்கீப்பரப் போட்டுக்கிறேன்னு அவகிட்டயும் சொல்லிட்டேன். சட்டம்னா எல்லாருக்கும்தான்.”

அண்ணி வியாழக்கிழமை வரைபடத்தைத் திறந்தாள். யார் எங்கெங்கே ஓடினார்கள் என்பது அதில் வண்ணமாகத் தெரியும். கோல்கீப்பர் வலது ஓரத்தை மேலும் கீழுமாக உழுதிருந்தாள், ஒன்பது கிலோமீட்டர். நாத்தனாரோ பயிற்சி முழுக்கக் கோல் கம்பங்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தியிருந்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

நாத்தனாரை வரச் சொன்னாள். படத்தைப் பார்த்ததும் அவள் வேறு கதை எதுவும் சொல்லவில்லை.

“கருவிய மாத்திப் போட்டுக்கிட்டோம் அண்ணி. என்னோடது கம்மியாத் தெரியும்னுதான். அவளுக்கு ஏறும்னு யோசிக்கவேயில்ல.”

“நீ ஓடினது எங்கயாவது போய்ச் சேரணும்ல? ஆவியாப் போயிடும்னு நெனச்சியா?”

“அவ எங்கூடப் பேச மாட்டேங்கறா.”

அதே ஓட்டம் நாத்தனாரை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே கொண்டுபோயிருக்கும். நின்றே பழகிய கோல்கீப்பரின் கணக்கில் விழுந்ததால் கிட்டத்தட்ட மூன்று மடங்காகக் காட்டியது.

“மெஷின் கோளாறுன்னு ரெண்டு பேரோட வியாழக்கிழமையையும் அழிச்சிடுங்களேன். ரெண்டு பேருமே ஆடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?”

அழிப்பது சுலபம். மழை நாளில் கருவி உளறியபோது அண்ணியே அழித்திருக்கிறாள். கோச் காரணம் கேட்கமாட்டார். வீட்டிலும் மனஸ்தாபம் இருக்காது.

“பின்தொடை எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“படி இறங்கறப்போ?”

காலையில் வீட்டு மாடிப்படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியதை அண்ணி பார்த்திருந்தாள்.

“அழிச்சா கம்ப்யூட்டருக்குத்தான் வியாழக்கிழமை இல்லாமப் போகும். உன் காலு ஓடினது ஓடினதுதான்.”

“சொந்தத் தங்கச்சியா இருந்தா அழிச்சிருப்பீங்க.”

“சொந்தத் தங்கச்சியா இருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன்.”

அண்ணி இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினாள். கோல்கீப்பர் பச்சையானாள், நாத்தனார் சிவப்பானாள். பிறகு போனை எடுத்து நாத்தனாரின் பக்கம் நகர்த்தி வைத்தாள். கோச்சிடம் விஷயத்தைச் சொல்லி முடிக்க நாத்தனாருக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. பதிலுக்கு அவர் நிறைய நேரம் பேசினார். அவள் நடுநடுவே ‘சரி சார்’ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி இருபது நிமிஷத்துக்கு அவளை இறக்கினார். பந்து அவள் பக்கம் இரண்டு முறை வந்தது. தேர்வாளர்கள் கதவை எடுத்துக்கொண்டார்கள், நடுக்களத்துப் பெண் ஒருத்தியையும். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் எழுந்து அண்ணியின் பக்கத்துக்கு வந்தாள்.

“பச்சைக்கு வர எத்தனை நாளாகும்?”

“பத்து நாள். ஒழுங்கா இருந்தா.”

“நடக்கலாமா?”

“நடக்கலாம்.”

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே அவள் இறங்கிக்கொண்டாள். அண்ணியும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, “மெதுவா,” என்றாள்.