மவுன்ட் ராயலிலிருந்து வந்த ரொட்டி

2017 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணிக்குக் கரீபியக் கடலில் உள்ள கேரியகூ தீவின் லாரிஸ்டன் விமான நிலையத்தில் கிரெனடாவிலிருந்து ஒரு சிறு விமானம் வந்து இறங்கியது. அதில் பதினோரு பயணிகள் இருந்தார்கள்.

அவர்களில் இரண்டு பேர் நானும் என் மனைவி வெர்னிஸும். இரண்டு வாரம் ஓய்வெடுக்க வந்திருந்தோம். கடற்கரை விடுதியில் அறையை வெர்னிஸின் பெயரில் பதிவு செய்திருந்தேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகும் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அது இப்போது வசதியாக இருந்தது. ஏனென்றால் க்வாஷி என்ற என் குடும்பப் பெயரைக் கேட்டால் அந்தத் தீவில் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வி கேட்பார்கள்: "மவுன்ட் ராயல் க்வாஷியா?"

ஆமாம், மவுன்ட் ராயல் க்வாஷிதான். விடுதியிலிருந்து மலை ஏறினால் வேனில் இருபது நிமிடம். அங்கே என் அக்கா எஸ்டினா தனியாக இருந்தாள். அவள் வீட்டு முன்னறையில், அப்பா படுத்த கட்டிலில், வெள்ளைத் துணி போர்த்தி அப்பாவின் கல்லறைக் கல் ஐந்து வருடமாகக் கிடந்தது.

எங்கள் ஊரில் ஆளைப் புதைத்ததோடு காரியம் முடியாது. கல் வெட்டி, பெயர் பொறித்து, வீட்டில் படுக்கவைத்து, உறவெல்லாம் கூடும் ஒரு நாளில் அதை நட வேண்டும். ஆடு அடித்து, உப்பில்லாமல் சமைத்து, இறந்தவருக்கு முதல் தட்டு வைக்க வேண்டும். மூத்த மகன் கல்லின் மேல் ரம்மும் தண்ணீரும் ஊற்ற வேண்டும். அதுவரை செத்தவருக்கு நிம்மதி கிடையாது, இருப்பவர்களின் கனவில் வந்துகொண்டே இருப்பார். மூத்த மகன் நான். ஒரே மகனும் நான்தான்.

அக்கா ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு வரச் சொல்வாள். நான் இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் டிப்போவில் யாருக்கு எந்த வாரம் விடுப்பு என்று பட்டியல் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஈஸ்டர் எனக்கு விழுவதில்லை என்று நான்கு வருடம் அவளிடம் சொன்னேன். அது உண்மை. ஐந்தாவது வருடம் விழுந்தது. அதைப் பாவெல் என்ற சக ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய ஜனவரி வாரங்களை வாங்கிக்கொண்டேன். அக்காவிடம், "இந்த வருஷமும் லீவு கெடைக்கலக்கா" என்றேன்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கல் நடும் விருந்து என்றால் இரண்டு வாரமும் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் குண்டாகிவிட்டாய் என்பார்கள். எனக்குக் கடலோரத்தில் மல்லாந்து படுக்க வேண்டும் போலிருந்தது. வெர்னிஸுக்கு அக்டோபரில் ஆபரேஷன் நடந்திருந்தது, அவளுக்கு ஓய்வு தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம், அக்கா ட்ரினிடாடில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் பாட்டில் வாங்க ஹில்ஸ்பரோவில் ஒரு கடைக்குப் போனேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. உள்ளே மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பேசாமல் பாட்டிலைக் கைகாட்டினேன். கேரியகூவில் கடைக்குள் நுழைகிறவன் முதலில் எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்ல வேண்டும், பிறகுதான் சாமான். குழந்தைக்குக்கூடத் தெரியும். மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரம்மா பாட்டிலை எடுத்து வைத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க, சார்" என்றாள்.

வெளியே வந்ததும், யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். என் முகம் அப்பாவின் முகம் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி வைப்பார்கள். முதல் நாளே அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இலையின் நரம்புகள் பதிந்திருந்தன, நடுவில் தடித்த ஒன்று, பக்கவாட்டில் மெல்லியவை. எங்கள் அம்மா கடல்திராட்சை மரத்து இலையைப் பரப்பி அதன் மேல்தான் மாவை வைத்துச் சுடுவாள். அம்மாவுக்குப் பிறகு அக்கா. இந்தத் தீவில் வேறு யாராவது அப்படிச் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டு வெண்ணெய் தடவினேன். ஒன்பது நாள் தடவினேன்.

பத்தாம் நாள் வெர்னிஸ் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மிஸ் கிளெமி, இது என்ன, அடியில கோலம் போட்டாப்ல?"

விடுதி நடத்தும் மிஸ் கிளெமி காபிக் கெட்டிலோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு கெட்டிலைப் பார்த்தாள்.

"இலைம்மா. மிஸ் எஸ்டினா அப்படித்தான் சுடுவாங்க."

"எந்த எஸ்டினா?"

"மவுன்ட் ராயல் எஸ்டினா." மிஸ் கிளெமிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மத்த மேசைக்கெல்லாம் ஹில்ஸ்பரோ ரொட்டிதான். உங்க மேசைக்கு மட்டும் தினம் காலையில ஆறு மணி வேன்ல கொடுத்தனுப்புறாங்க. சொல்லக் கூடாதுன்னாங்க. 'அவன் ரெஸ்ட் எடுக்க வந்திருக்கான், விட்டுடுங்க, யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு ஊரு முழுக்க சொல்லி வச்சிருக்காங்க."

வெர்னிஸ் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"உங்கக்கா ட்ரினிடாட்ல இல்ல இருக்காங்க?"

நான் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தேன்.

"ஓ, தினமும் அங்கேருந்து ரொட்டி நீந்தி வருதா? சட்டையப் போடு, உல்ரிக். எந்திரி."

சாலையில் வேனை நிறுத்தி ஏறினோம். வெர்னிஸ் எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன். வேனில் இருந்த ஏழு பேரும் எனக்குப் பதில் சொன்னார்கள், ஒருவர் பின் ஒருவராக, ரொம்பத் தெளிவாக.

"எங்க போகணும்?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"மவுன்ட் ராயல்."

"அடேங்கப்பா, குரல் வந்துடுச்சே! கடைக்காரம்மா ஊமைன்னாங்களே" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு கிழக்குரல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொரு வயது. ஒரு கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வெர்னிஸிடம் கை நீட்டினாள்.

"வாம்மா, வா. ஒடம்பு தேவலையா? கடல்ல குளிச்சியா? உப்புத்தண்ணி காயத்துக்கு நல்லது."

"நல்லாருக்கேன், அக்கா. மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது."

"ஒனக்கென்ன தெரியும், பாவம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன பாய்சி, ரொட்டி வேகலையா? கொறை சொல்ல வந்தியா?"

பாய்சி என்பது என் வீட்டுப் பெயர். அதைச் சொல்லிக் கூப்பிட இனி அவள் ஒருத்திதான்.

"எப்பக்கா தெரியும் ஒனக்கு?"

"ப்ளேன் எறங்கி அரை மணி நேரத்துல. ஏன், தீவு வளந்துடுச்சுன்னு நெனச்சியா?"

முன்னறைக்குப் போனோம். கல் கட்டிலில் கிடந்தது. துணி அன்று துவைத்தது போல வெளுப்பாக இருந்தது. தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். வெர்னிஸ் துணி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"அப்பா போன சனிக்கிழமை வந்தாரு" என்றாள் அக்கா. கனவில் வந்ததைத்தான் சொன்னாள். "அந்தக் கதவுகிட்டயே நின்னாரு. 'பாய்சி வந்துட்டானா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லப்பா, லீவு கெடைக்கலையாம்னு சொன்னேன்." அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "எழுபத்தொரு வயசுல அப்பாகிட்ட மொத மொதப் பொய்."

உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன். காது சுட்டது. சின்ன வயதில் திருடி மாட்டிக்கொண்டால் அப்படிச் சுடும்.

"இன்னும் நாலு நாள் இருக்குக்கா" என்றேன். "ஞாயித்துக்கெழமை நட்டுடலாம். ஆடு நான் பாக்குறேன். சமையலுக்கு ஆளு பிடிக்கிறேன்."

"வின்ட்வர்ட் ஊர்ல இருக்குறவங்களுக்கு யாரு சொல்றது? பெட்டி மார்ட்டினிக் தீவுல இருக்குற சித்தப்பா பிள்ளைங்களுக்கு? ட்ரினிடாட்லேருந்து என் மக வர வேணாமா? கொத்தனாரு கிரெனடாவுல வேலையா இருக்காரு." அவள் குரல் உயரவே இல்லை. "ஊருக்குப் பெட்டி கட்டுற அவசரத்துல அப்பாவ எறக்கிட்டுப் போகலாம்னு பாக்குறியா? அஞ்சு வருஷம் பொறுத்தாரு. ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பாரு. ஈஸ்டருக்கு வா."

ஈஸ்டரை நான் ஏற்கெனவே கைமாற்றிவிட்டது வெர்னிஸுக்குத் தெரியும். அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளைப் பார்க்காமல், "வரேங்க்கா" என்றேன்.

அக்கா சந்தோஷப்பட்டாள். கேலியெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. அலமாரியிலிருந்து ரம் பாட்டிலை எடுத்து வாசல் மண்ணில் கொஞ்சம் ஊற்றி, "கேட்டியாப்பா? ஈஸ்டருக்கு வரானாம்" என்றாள். எங்களைச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள்.

திரும்பும் வேனில் வெர்னிஸ் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"இப்ப ரெண்டு பொய்யாச்சு. ரெண்டாவது அவங்க அப்பாகிட்டயே போயிடுச்சு."

மீதி நான்கு நாளும் காலையில் ரொட்டி வந்தது. வெர்னிஸ் சாப்பிட்டாள். நான் தட்டை நகர்த்திவைத்தேன். அது அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து கடைசி இரண்டு நாள் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் பாவெலிடம் கேட்டேன். அவர் குடும்பத்தோடு போலந்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மேலாளரிடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். ஈஸ்டரில் ஏற்கெனவே ஆள் குறைவு என்றார். மார்ச் கடைசியில் அக்காவுக்குப் போன் செய்து லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் "சரிப்பா" என்றாள்.

கல் 2017 ஏப்ரல் 15, ஈஸ்டர் சனிக்கிழமையன்று நடப்பட்டது. ஏறக்குறைய இருநூறு பேர் வந்திருந்தார்கள். மூன்று ஆடு அடித்தார்கள். ரம்மையும் தண்ணீரையும் அக்கா ஊற்றினாள். அன்று எனக்கு ஷிஃப்ட் காலை ஐந்து நாற்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை.