பக்கத்து இருக்கையின் பிரேக்

1

இந்தக் கதை ஒரு பெயர்ப்பலகையில் மோதிப் பிறந்தது. மோதியவன் நான்.

பெரியம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குப் புறப்பட்டேன். சட்டம் போட்ட அவர் படத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் மாட்டி, அவருடைய பழைய காரைப் பின்னால் எடுத்தேன். அவர் நடத்திய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை சாய்ந்தது. ‘பொறுமையாகக் கற்றுத் தரப்படும்’ என்று அதில் எழுதியிருக்கும்.

படத்துக்கு ஒரு கீறல் இல்லை. பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் துணையில்லாமல் அந்தக் காரை நான் எடுத்தது அதுதான் முதல் தடவை.

2

முதல் வரியாக வேறொன்று வைத்திருந்தேன்: ‘தொண்ணூறு ஆண்டுகள் ஒரு குடும்பத்தையே தாங்கிய ஆலமரம்—’

[அடித்துவிட்டேன். பெரியம்மா மரம் மாதிரி எங்கேயும் நின்றதில்லை.]

இளம் வயதிலேயே ஓட்டைக் கார் ஒன்றை வாங்கி, வீட்டு முன்னறையில் பள்ளி ஆரம்பித்தவர். தங்கைகள், தங்கை புருஷன்கள், நாங்கள், எங்கள் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் கிளட்ச் விடக் கற்றுக்கொடுத்தவர். வைவார், வைதுவிட்டுத் தேநீர் வாங்கித் தருவார்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் மிதிக்க மறந்தால் அவர் மிதிப்பார். நான் மோதிய கார் அப்படிப்பட்டதுதான்; பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக் காரான பிறகும் அதில் அந்தப் பிரேக் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு, கல்யாணங்களுக்கு, சும்மா காற்று வாங்க என்று எங்கே போனாலும் நான் ஓட்ட, அவர் பக்கத்தில். பல வருஷம், ஓர் உரசல் இல்லை. திருப்பம் வந்தால் அவர் கால் அழுந்துவதை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். கார் மெதுவாகும்.

மிதித்தது நானா, அவரா?

3

சந்தேகம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. எனக்கு முதல் வேலை கொடுத்த மேலாளர் பெரியம்மாவிடம் ஓட்டக் கற்றவர். என் முதல் கதையைப் போட்ட பத்திரிகை ஆசிரியரும்தான். என் மனைவியும்தான். அவளிடமே கேட்டேன்.

“என்னைக் கட்டிக்கச் சொல்லி பெரியம்மா ஏதாவது சொன்னாங்களா?”

“நல்லா யோசிச்சுக்கோடின்னாங்க. நான்தான் யோசிக்கல.”

[இந்தக் கதாபாத்திரம் ரொம்பச் சாமர்த்தியமாகப் பேசுகிறது, நம்பும்படி இல்லை. என்ன செய்ய, வீட்டிலும் இப்படித்தான்.]

4

பள்ளியை இப்போது நடத்துவது அக்கா, பெரியம்மாவின் மகள். அவளுக்கு முட்டி வலி.

“திங்கக்கிழமைலேர்ந்து காலை வகுப்பு நீ எடு. இல்லன்னா பள்ளிக்கூடத்தை மூடிடறேன்.”

பலகையை இடித்தவனிடம் இதைச் சொன்னால் சந்தேகம் வராதா? அடுத்தவனுக்காகப் பிரேக் பிடிக்கும் முன், எனக்காக நான் ஒருமுறையாவது பிடித்திருக்க வேண்டாமா?

கதைக்கு முடிவு ஒன்று: ஓட்டியதெல்லாம் அவர்தான், நான் ஸ்டியரிங் பிடித்த பயணி. சாவியைக் கொடுத்துவிடுகிறேன், பள்ளி மூடுகிறது.

முடிவு இரண்டு: பாதி அவர், பாதி நான். [அழகாக இருக்கிறது. அதனாலேயே பொய்.]

மூன்றாவதை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

5

சாவியை மேசைமேல் வைத்தேன்.

“அக்கா, நேராச் சொல்லு. பெரியம்மா எத்தனை தடவை என்னைக் காப்பாத்தியிருப்பாங்க?”

“எதை வச்சு?”

“அந்தப் பிரேக்கை வச்சுத்தான்.”

“வண்டிய வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னைக்கே அதைத் துண்டிச்சாச்சுடா. வெறும் பெடல்தான் தொங்குது. பண்ணச் சொன்னதே அம்மாதான்.”

“திருப்பத்துக்குத் திருப்பம் மிதிச்சாங்களே?”

“பயம்! நீ ஓட்டுற லட்சணத்துக்கு மிதிக்காம? வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்குது, பிடிச்சு விடுன்னு என் உயிரை எடுப்பாங்க.”

“அப்போ பலகை?”

“பின்னாடி பாக்காம படத்தையே பாத்துட்டிருந்தே. வாசல்ல நின்னு பாத்தவ நான்.” சாவியை என் பக்கம் தள்ளினாள். “திங்கக்கிழமை லேட்டா வராதே.”

[இங்கே ஓர் உவமை வந்தது. விரட்டிவிட்டேன்.]

“பிரேக்கும் இல்ல, பயம் வேற. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் என்கூட ஏறி உக்காந்தாங்க?”

“உன்கூட வரப் பிடிச்சுதுடா. அவ்வளவுதான்.”